லேபிள் வராததற்கு யார் பொறுப்பு?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 11 வருஷமாக பர்ச்சேஸ் பார்க்கிறேன். போன மாதம் 8,000 பீஸ் டி-சர்ட் ஆர்டரில், துவைக்கும் முறையைச் சொல்லும் வாஷ்கேர் லேபிள் வர ஆறு நாள் தாமதம். கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்பினோம். நாலரை லட்சம் கூடுதல் செலவு. லேபிள் வாசகத்தை, சரக்கு வாங்கும் பையர் மாற்றியதே எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். லேபிள்காரருக்குப் பழைய பாக்கி வேறு. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. எப்படியும் கொடுத்துவிடுவார் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. "சப்ளை உன் பொறுப்பு" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். என் பிரிவை எப்படிச் சரிசெய்வது? சாஃப்ட்வேர் வாங்கலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்கள் பிரிவை மட்டும் சரிசெய்து பயனில்லை. அந்த ஆறு நாளைப் பிரித்துப் பாருங்கள். நான்கு நாள், பையரோடு பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசரின் மெயிலில் தூங்கியிருக்கிறது. மீதி இரண்டு நாள் அக்கவுண்ட்ஸ் மேஜையில் கிடந்த பில்லால் போனது. விரல் நீள லேபிள்தான். ஆனால் அதைப் பக்கத் தையலுக்குள் வைத்தல்லவா தைக்க வேண்டும்? அது வராமல் தையல் லைன் ஓடாது.

சரி, உங்கள் பங்குக்கு வருவோம். போன் எடுக்காத அந்த இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, அது தப்பு. திட்டு விழும் என்ற பயம் புரிகிறது. ஆனால் அந்த மௌனம் எவ்வளவு பெரிய கம்பெனியையும் கவிழ்க்கும். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஒரு வாரம்தான் தாமதமாகும் என்றும் சொன்னார்கள். கைபேசி கம்பெனிகளான நோக்கியாவும் எரிக்சனும் அங்கே சிப் வாங்கியவை. நோக்கியாவில் விஷயம் உடனே மேலே போனது. தினமும் போன் போட்டு விசாரித்தார்கள், வேறு ஆலைகளைப் பிடித்தார்கள், சிப்பின் வடிவமைப்பையே மாற்றவும் இறங்கினார்கள். எரிக்சனில் கீழ்மட்டத்துக்கு வந்த தகவல் மேலே போகவே சில வாரங்கள் ஆயின. நஷ்டம் சுமார் 40 கோடி டாலர். அடுத்த வருஷமே கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டாக்கிக்கொண்டார்கள். அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் முதலாளியிடமும் ஒரு கோளாறு இருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகளில் இருப்பதுதான். மெர்ச்சண்டைசர் ஆர்டர் பிடித்தால் பாராட்டு. நீங்கள் லேபிளில் பீஸுக்குப் பத்து பைசா குறைத்தால் பாராட்டு. அக்கவுண்ட்ஸ் பணத்தை இறுக்கிப் பிடித்தால் அதற்கும் பாராட்டு. மூன்று பேரும் நல்ல பேர் வாங்கியபிறகுதான் சரக்கு விமானம் ஏறுகிறது! அந்த நாலரை லட்சத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று விசாரியுங்கள். பர்ச்சேஸ் தலையில்தான் எழுதியிருப்பார்கள். அதைக் காரணம் பார்த்து மூன்று பிரிவுக்கும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒரு முறை எழுதிவிட்டால் மெர்ச்சண்டைசர் அன்றன்றே மெயிலை அனுப்பிவிடுவார்.

முதலாளியிடம் புகாராகப் போகாதீர்கள். மெயில் வந்த தேதி, உங்களுக்குத் தெரிந்த தேதி, பில் வந்த தேதி, பணம் போன தேதி, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். "நானும் இரண்டு நாள் சொல்லாமல் விட்டேன்" என்பதை முதல் வரியாக எழுதுங்கள்; மற்றதை அவர் பொறுமையாகப் படிப்பார்.

அக்கவுண்ட்ஸுக்குச் சொல்ல வேறொன்று உண்டு. லேபிள்காரர் குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்த உற்பத்தியாளர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் அந்தத் தொகையை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். இதைச் சொல்லிப் பாருங்கள், பில் நகரும்.

அப்புறம், தினமும் காலையில் கட்டிங் மேஜைப் பக்கம் மூன்று பிரிவினரும் பதினைந்து நிமிஷம் நின்றுகொண்டே பேசுங்கள். உட்கார்ந்தால் டீ வரும், கதை வளரும். "இந்த வாரம் எந்த ஆர்டர் எதனால் நிற்கும்?" என்ற ஒரே கேள்வி போதும்.

சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். நான்கு நாள் மெயிலைத் திறந்து சொல்லாதவர் சாஃப்ட்வேரையும் திறக்க மாட்டார். மூன்று மாதம் இப்படி நின்று பேசிவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி எழுதுங்கள்.