அக்கா, காணியில் கை வைக்காதீர்கள்

அக்கா, நேற்று உவர்மலையில் கதைத்தபோது நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன். ஏஜென்சிக்காரர் சொன்ன வெளிநாட்டு ரொக்கெட் படிப்புக்காகக் காணியை ஈடு வைக்காதீர்கள். மகள் இப்போதுதான் ஏ.எல். (உயர்தரம்) கணிதப் பிரிவில் முதலாம் வருடம்.

ஜெட் எஞ்சின் லேசு, ரொக்கெட்தான் கஷ்டம், அதனால் அதைத்தான் படிப்பேன் என்று அவள் நிற்பதாகச் சொன்னீர்கள். பாதி சரி. ஜெட் எஞ்சின் ஒட்சிசனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், ரொக்கெட்டோ அதையும் சுமந்துகொண்டு போகவேண்டும், அதுவும் மைனஸ் 183 பாகை செல்சியஸில் திரவமாக, எரிபொருள் ஐதரசன் என்றால் அது மைனஸ் 253. அவ்வளவு குளிருக்குப் பக்கத்திலேயே 3,000 பாகைக்கு மேல் நெருப்பு எரியும். அந்த நெருப்பு எரியும் எஞ்சின் அறையின் சுவர் உருகாமல் இருக்க, எரிபொருளையே முதலில் சுவருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் ஓடவிட்டுக் குளிர்த்திவிட்டு, அப்புறம்தான் எரிப்பார்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பிரதான எஞ்சினில் ஐதரசனைத் தள்ளிய பம்ப், ஒரு கார் எஞ்சின் அளவுதான், ஆனால் சுமார் 70,000 குதிரைவலு, நிமிடத்துக்கு 35,000 சுற்று! சந்திரனுக்குப் போன சற்றேர்ன் ரொக்கெட்டின் எப்-1 எஞ்சினில் நெருப்பு நிலையில்லாமல் அதிர்ந்து எஞ்சினையே உடைத்ததால், சோதனையின்போது உள்ளே சின்னக் குண்டு வெடிக்க வைத்து, அதிர்வு தானாக அடங்கும்வரை வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்தார்கள்.

ஆனால் அந்த எப்-1 ஒரு பயணத்தில் எரிந்தது ஏறத்தாழ இரண்டரை நிமிடம். பயணிகள் விமானத்தின் ஜெட் எஞ்சின் மழை, பறவை, உப்புக்காற்று எல்லாவற்றையும் தாங்கி ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடவேண்டும். அதன் டர்பைன் தகடுகளைச் சுற்றி ஓடும் வாயு, தகட்டு உலோகத்தின் உருகுநிலையையும் விடச் சூடானது. அதனால் தகட்டை ஒரே பளிங்காக, அதாவது ஒற்றைப் படிகமாக வார்த்து, உள்ளே நுண்ணிய துளைகளால் காற்றை ஓடவிடுகிறார்கள். இந்தியாவைப் பாருங்கள், 2010இல் தோற்ற கிறையோஜெனிக் (அதிகுளிர்த் திரவங்களை எரிக்கும்) ரொக்கெட் எஞ்சினை 2014இல் வெற்றிகரமாகப் பறக்க விட்டார்கள், 1980களில் தொடங்கிய காவேரி ஜெட் எஞ்சினோ தேஜஸ் போர் விமானத்துக்குப் போய்ச் சேரவேயில்லை, தேஜஸ் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. இதை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வெப்பம், பாய்மம், உலோகம். மொறட்டுவையிலோ பேராதனையிலோ ஒலுவிலிலோ இயந்திரப் பொறியியல் கிடைத்தால் போதும், மொறட்டுவையில் பொருள் விஞ்ஞானப் பொறியியலும் இருக்கிறது, அந்தத் தகட்டு வேலைக்கு அதுதான் நேர்வழி. எல்லாம் அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் கட்டணமில்லை. மேற்படிப்புக்கு வெளிநாடு போகலாம், உதவித்தொகை தேடலாம், அப்போது ரொக்கெட்டா ஜெட்டா என்று அவளே முடிவெடுக்கட்டும்.

ஏஜென்சிக்காரர் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. இஸ்ரோ இந்தியக் குடிமக்களைத்தான் வேலைக்கு எடுக்கும், அமெரிக்க ரொக்கெட் நிறுவனங்களும் அந்நாட்டுச் சட்டத்தால் பெரும்பாலும் தங்கள் குடிமக்களையும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களையும்தான் எடுக்கின்றன. ஜெட் பக்கம் பராமரிப்பு வேலை கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே உண்டு, வளைகுடாவிலும் உண்டு.

பிள்ளையின் ஆசையைத் தட்டிவிடாதீர்கள் அக்கா, நல்ல ஆசை அது. இப்போது பார்க்கவேண்டியது பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி. போன தவணை இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் எத்தனை புள்ளி, எந்தப் பாடப்பகுதி விளங்கவில்லை என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.