மாதிரி ரயில் பாதையில் கேட் சிக்னல்: கேள்வி பதில்

ரயில்வேயில் சிக்னல் பராமரிப்புப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இரணியலில் என் வீட்டு மாடியில் 1:87 அளவில் (அசலை 87 மடங்கு சிறிதாக்கி) ஒரு மாதிரிப் பாதை அமைத்திருக்கிறேன். நம் குமரி மாவட்டத்து அன்பர்கள் சாலை ரயில் பாதையைக் கடக்கும் இடத்துக் கேட், அதன் சிக்னல் குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

தக்கலை அன்பர்: ஐயா, ஆயத்தமாகக் கிடைக்கும் கேட் சிக்னலை வாங்கலாமா, நாமே செய்ய வேண்டுமா?

எந்த நாட்டுக் கேட் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கடைகளில் கிடைக்கும் இரட்டைச் சிவப்பு விளக்குக் கம்பம் அமெரிக்கச் சாலைகளுக்கு உரியது. அங்கே ஒவ்வொரு விளக்கும் நிமிடத்துக்கு 35 முதல் 65 முறை மாறி மாறி மின்ன வேண்டும் என்பது விதி. நம்மூரில் கேட் கீப்பர் அறையும், நடுவில் சிவப்பு வட்டத் தகடும் இரவில் சிவப்பு விளக்கும் உள்ள தடுப்பும், கேட் அடைபடாமல் பச்சைக்கு மாறாத கேட் சிக்னலும்தான் முக்கியம். 1979-இல் குமரிக்கு ரயில் வந்தபோதே அகலப்பாதையாகத்தான் வந்தது. ஆகவே நம் மாவட்டத்துக் காட்சி அமைப்போர் அகலம் குறைந்த மீட்டர் கேஜ் பாதைக் காலத்துக் கேட்டைத் தேட வேண்டியதில்லை. அமெரிக்கக் காட்சியானால் வாங்கிக்கொள்ளுங்கள், நம்மூர்க் காட்சியானால் செய்துகொள்ளுங்கள்.

நாகர்கோவில் அன்பர்: 12 வோல்ட்டில் இணைத்த எல்.இ.டி. ஒரே நொடியில் அணைந்துவிட்டது. ஏன்?

மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாததே காரணம். சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 10 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 10 மில்லி ஆம்பியர் போதும் என்பதால் 1000 ஓம் சரியாக இருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள். விளக்குக்கான மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காதீர்கள், சாதாரண டி.சி. பாதையில் வண்டி மெதுவாகும்போது விளக்கு மங்கும், வண்டியை எதிர்த்திசையில் ஓட்டும்போது துருவம் மாறி அணைந்துவிடும்.

மார்த்தாண்டம் அன்பர்: கேட்டுக்கு முன்னால் ஒரு சென்சார், அதனுடன் ஒரு டைமர். இது போதாதா?

போதாது. 1:87 அளவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 19 சென்டிமீட்டர். ஐந்து நொடி முன்னறிவிப்பு வேண்டுமானால் சென்சார் கேட்டிலிருந்து 95 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சென்னைப் பெட்டித் தொழிற்சாலையின் ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி ஒன்று இந்த அளவில் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். நான்கு பெட்டி வண்டியைக் கணக்கிட்டு 12 நொடிக்கு டைமர் வைத்திருந்தால், பன்னிரண்டு பெட்டி வண்டி வரும்போது குறைந்தது ஆறு பெட்டிகள் கேட்டைக் கடக்காமல் இருக்கையிலேயே கேட் கம்பம் எழுந்துவிடும். இரு பக்கமும் ஒவ்வொரு சென்சாரும், சாலையின் மேலேயே ஒன்றும் ஆக மூன்று வேண்டும். வெளிச் சென்சார் கேட்டை அடைக்கட்டும். நடுச் சென்சாரை வண்டி முழுதும் விட்டகன்ற பிறகே கேட் திறக்கட்டும். வெளியேறும் பக்கத்துச் சென்சார் அந்த நேரத்தில் தரும் தகவலைப் புறக்கணிக்க வேண்டும்.

அதே அன்பர்: வண்டி சென்சாரின் மேல் இருக்கும் வரை டைமர் முதலிலிருந்து எண்ணும்படி வைத்தால் நீளம் ஒரு பொருட்டில்லையே? நான் கேட்டில் வண்டியை நிறுத்துவதே இல்லை.

நீளத்தைப் பற்றிய உங்கள் வாதம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் நிறுத்தாவிட்டாலும் வண்டி நிற்கும். கடைசிப் பெட்டி வெளிச் சென்சாரைத் தாண்டிய பின் தண்டவாளத்து அழுக்கினால் எஞ்சின் நின்றால், டைமர் தன் எண்ணிக்கையை முடித்து, சாலையின் குறுக்கே வண்டி நிற்கும்போதே கேட்டைத் திறந்துவிடும்.

குழித்துறை அன்பர்: இது விளையாட்டுப் பாதைதானே, ஐயா? மார்த்தாண்டம் அன்பர் சொல்வதில் என்ன தவறு?

1872-இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தடச் சுற்றில், தண்டவாளத்தின் வழியே ஓடும் மின்சாரம் ரிலே என்னும் மின்காந்த ஸ்விட்சைப் பிடித்துவைத்திருக்கும். வண்டியின் அச்சு அதைக் குறுக்கிணைத்தால் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் அதே சிவப்புதான். பழுது எப்போதும் பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும் என்ற அந்த அறிவைத்தான் நாம் கையளவில் செய்து பார்க்கிறோம். டைமர் இதற்கு நேர்மாறாக, தெரியாத நிலையில் கேட்டைத் திறக்கிறது. பார்க்க வரும் பிள்ளைகளிடம் அப்படி ஒரு கேட்டைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

கொல்லங்கோடு அன்பர்: மாலையில் வண்டி இல்லாமலே கேட் அடைகிறது.

என் வீட்டிலும் இது நடந்தது. நாலரை மணிக்கு மேற்கு ஜன்னல் வழியே ஒரு விரல் அகல வெயில் சரிந்து வந்து, ஸ்லீப்பர்களுக்கு இடையே பதித்த அகச்சிவப்புச் சென்சாரின் மேல் விழும்போதெல்லாம் கேட் அடைந்தது. நான் கையால் மறைத்தவுடன் திறந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. சென்சாருக்குக் கறுப்புக் குழாய் ஒன்றை உறையாகப் போட்டபின் சரியாயிற்று. ஒளிக்கற்றையைப் பாதைக்குக் குறுக்காக, சாய்த்து அமையுங்கள். பெட்டிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் கேட் திறப்பது நின்றுவிடும்.

குளச்சல் அன்பர்: தண்டவாளம் அடிக்கடி கறுக்கிறது.

கடற்காற்று. பித்தளைத் தண்டவாளத்தைத் தவிர்த்து நிக்கல் சில்வர் என்னும் உலோகக் கலவையில் செய்ததை வாங்குங்கள். ஓட்டுவதற்கு முன் மேல்முகத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மார்த்தாண்டம் அன்பரும் இதைப் படிக்க வேண்டுகிறேன்.

தோவாளை அன்பர்: கேட் கம்பம் துள்ளிக்கொண்டு விழுகிறது.

சொன்ன பாகைக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரை ஒரே ஆணையில் 90 பாகை திருப்பச் சொல்லியிருப்பீர்கள். அதை இயக்கும் அர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையின் நிரலில் ஒரு பாகைக்கு 30 மில்லி நொடி விட்டுத் திருப்பினால் மூன்று நொடிக்குள் நிதானமாக இறங்கும். மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து, எதிர்முனையை மட்டும் பொதுவாக இணையுங்கள்.

ஆரல்வாய்மொழி அன்பர்: என் எல்.இ.டி.யும் எரிந்துவிட்டது. ஏன்?

நாகர்கோவில் அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

சுசீந்திரம் அன்பர்: விளக்குக்குத் தண்டவாள மின்சாரத்தையே எடுக்கலாமா?

கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன். இனி இந்தக் கேள்விக்கு விடை எழுத மாட்டேன்.

களியக்காவிளை அன்பர்: கேட் மணி ஓசைக்கு எந்தச் சிப் நல்லது?

ஒலி என் துறை அன்று. அதை அறிந்தவரிடம் கேளுங்கள். மணி அடிப்பதும் கேட் அடைவதும் ஒரே சென்சார் தகவலிலிருந்து தொடங்கும்படி மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள்.