பி.பி.ஓ.வில் முனியம்மா, ஆதாரில் மஞ்சுளா: படைவீரர் மனைவியின் குடும்ப ஓய்வூதியம்

கேள்வி: என் அப்பா 1972-ல் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் சேர்ந்து, 1989-ல் நாயக்காக ஓய்வுபெற்றவர். கடந்த ஆண்டு பிப்ரவரியில், 72 வயதில், வீட்டில் மாரடைப்பால் காலமானார். அவருடைய பி.பி.ஓ.விலும் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் அம்மாவின் பெயர் முனியம்மா, பிறந்த ஆண்டு 1955. ஆதார், வங்கி, ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் மஞ்சுளா, 1.1.1960. பாட்டியின் பெயரும் முனியம்மா என்பதால், கல்யாணமாகி வந்த அம்மாவை வீட்டில் மஞ்சுளா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. குடும்ப ஓய்வூதிய மனு, பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிவிட்டது. அப்பா இறந்த பிறகும் மூன்று மாதம் அவர் கணக்கில் ஓய்வூதியம் ஏறியது. 1975-ல் பிறந்த என் அண்ணன் அதை ஏ.டி.எம்.மில் எடுத்துச் செலவழித்துவிட்டார். இப்போது ஒருவர், சிவில் கோர்ட்டில் டிகிரி (தீர்ப்பாணை) வாங்கித் தருவதாகவும், வரும் அரியரில் 30 சதவீதம் தனக்கு வேண்டும் என்றும் சொல்லி முத்திரைத்தாளில் அம்மாவின் கையெழுத்து கேட்கிறார். போடலாமா? (வாசகி, வேலூர் மாவட்டம். பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பதில்: போட வேண்டாம். இனிமேல் வரவேண்டிய ஓய்வூதியத்தில் பங்கு எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி செல்லாது. ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. அதை வைத்து ஓய்வூதியத்தில் கைவைக்க முடியாது. ஆனால் அம்மாவின் ஏ.டி.எம். கார்டையோ கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள்.

சிவில் கோர்ட்டுக்கும் இப்போது போக வேண்டாம். படைவீரர்களின் பணி, ஓய்வூதியம் சார்ந்த வழக்குகளை 2007-ஆம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்திருக்கிறது. இந்த விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது அதன் 33-ஆவது பிரிவு. இரண்டு பெயரும் ஒருவரே என்று அறிவிக்கக் கோரி, பெயருக்காக மட்டும் ஒரு விளம்புகை வழக்கு போடலாம்தான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உங்கள் சிக்கலுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். பெயர் பொருந்தவில்லை என்றதும் ஓடிப்போய் அரசிதழில் "முனியம்மா என்ற என் பெயரை மஞ்சுளா என மாற்றிக்கொண்டேன்" என்று வெளியிட்டுவிடுகிறார்கள். அப்படி வெளியிட்டால் இன்றைய தேதியில் பெயர் மாறியது என்றுதான் பதிவாகும். அப்படியானால் பல வருடங்களுக்கு முன்பே ரேஷன் கார்டில் இருக்கும் மஞ்சுளா யார் என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் அம்மா பெயரை மாற்றவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்பதைத்தான் நிறுவ வேண்டும். அதனால் இனி எழுதும் எல்லாக் காகிதத்திலும், வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் உட்பட, "முனியம்மா (எ) மஞ்சுளா" என்றே எழுதுங்கள்.

முதலில் அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். மனைவி பெயருக்குக் கீழே பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். அந்தப் பக்கத்தில் முனியம்மாவின் மகனாகப் பதிவானவர், தன் பள்ளிச் சான்றிதழிலோ வேறு ஆவணத்திலோ மஞ்சுளாவின் மகனாக இருந்தால், இரண்டு பெயரையும் இணைக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஓய்வூதியக் கோப்பில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒட்டியிருந்தால் அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். கூட்டு வங்கிக் கணக்கு, இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை, பழைய வாக்காளர் அட்டை எதையும் விடாதீர்கள்.

இவற்றை வைத்து அம்மா ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். நோட்டரி போதும் என்பார்கள். படையின் ஆவணப் பிரிவில் கேள்வி எழாமல் இருக்க, குற்றவியல் நடுவர் முன்பு உறுதிமொழி எடுப்பது நல்லது. வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்: "படை எண் இன்ன, முன்னாள் நாயக் இன்னாரின் சட்டப்படியான மனைவியாகிய முனியம்மா (எ) மஞ்சுளா ஆகிய நான் உறுதியளிப்பது: படை ஆவணங்களில் முனியம்மா என்றும், ஆதார் முதலிய ஆவணங்களில் மஞ்சுளா என்றும் குறிக்கப்பட்டிருப்பவர் நான் ஒருவரே." கூடவே, இருவரும் ஒருவரே என்று வட்டாட்சியர் தரும் சான்றையும் சேருங்கள்.

வேலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு அசல்களோடு போங்கள். நகல்களைச் சரிபார்த்து, பரிந்துரைக் கடிதத்துடன் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் (எம்.இ.ஜி.) ஆவணப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். குடும்ப விவரப் பதிவைத் திருத்துவது ஆவணப் பிரிவின் வேலை. அவர்கள் சொன்ன பிறகுதான் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் ஸ்பர்ஷ் என்ற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்தில் திருத்திய பி.பி.ஓ. போடும். இந்த வரிசை தெரியாமல் நேரே பிரயாக்ராஜுக்கு எழுதினால் கடிதம் சுற்றிச்சுற்றி வரும். அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை யார் கேட்டாலும் தபாலில் அனுப்பாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம். இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் பி.பி.ஓ.வில் இருப்பதைப் போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் இனிஷியலை ராணுவத்தில் விரித்து முழுப் பெயராக எழுதியிருப்பார்கள். அதிலும் மனு சிக்கும்.

பிறந்த தேதியைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். 80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40. 1955 என்றால் அம்மாவுக்கு அந்த உயர்வு 2035-ல் வரும், 1960 என்றால் 2040-ல். ஐந்து வருடத்தின் பணம் இது. 1.1.1960 என்பது, தேதி தெரியாதவர்களுக்கு வயதைக் கேட்டு உத்தேசமாகப் போட்ட தேதியாகவே தெரிகிறது. அது சரி என்றால் 1975-ல் உங்கள் அண்ணன் பிறந்தபோது அம்மாவுக்கு 15 வயது. இதை மனுவில் எழுதுங்கள். ஆதார் வயதுக்கு முடிவான ஆதாரம் அல்ல என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்தலாம். பள்ளிச் சான்று போன்ற ஆவணம் கையில் கிடைக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

அண்ணன் எடுத்த பணத்துக்கு வருவோம். இறந்த நாள் வரையிலான ஓய்வூதியம் வாரிசுகளுக்கு உரியது. மறுநாள் முதல் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். அதற்குப் பிறகு அப்பா கணக்கில் ஏறியது அரசின் பணம். எடுத்தவரையே திரும்பக் கட்டச் சொல்லி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், மறைக்காமல் எழுதிக் கொடுத்து, அம்மாவின் அரியரில் கழித்துக்கொள்ளக் கேளுங்கள். ஸ்பர்ஷ் தளத்தில் இறப்பைத் தெரிவித்தீர்களா என்பதையும் சரிபாருங்கள். அப்பா, அம்மா பெயரில் கூட்டுக் கணக்கு இருந்தால் மூடிவிடாதீர்கள், குடும்ப ஓய்வூதியம் அதிலேயே வரலாம்.

தொகை பற்றி: சாதாரண குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஓய்வுபெற்றவர் இறந்தால், முதல் 7 ஆண்டு அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், இதில் எது முந்தியோ அதுவரை 50 சதவீதம் தருவார்கள். அப்பா 67-ஐக் கடந்துவிட்டதால் அம்மாவுக்கு 30 சதவீதம்தான். எப்படியும் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, அகவிலைப்படி தனி. ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தில் 1.7.2014, 1.7.2019, 1.7.2024 ஆகிய தேதிகளில் வந்த உயர்வுகள் அப்பாவுக்கு முழுதாகச் சேர்ந்தனவா என்று அவர் பாஸ்புக்கைப் பாருங்கள். விடுபட்டிருந்தால், அவர் உயிரோடு இருந்தபோது சேரவேண்டிய அந்த வாழ்நாள் நிலுவையையும் இதே மனுவில் கேட்கலாம்.

ஆவணப் பிரிவு பதில் போடாமல் இருந்தால் மனுக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் பொறுங்கள். அதன்பின் ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். மறுத்து உத்தரவு வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம். அந்தக் கெடு தவறினாலும், ஓய்வூதியம் மாதாமாதம் புதிதாக எழும் உரிமை என்பதால் கதவு அடைபடாது. ஆனால் தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தாமதமாகப் போனால் மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும்.

வக்கீல் செலவுக்கு அம்மா யாரிடமும் கைநீட்ட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், எந்தப் பெண்ணுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. படைவீரர் குடும்பங்களுக்காகவே தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26-ல், கார்கில் வெற்றி நாளன்று, வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கியது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் வைப்பதுதான் அதன் ஏற்பாடு. வேலூர் அலுவலகத்துக்குப் போகும்போது அதையும் விசாரியுங்கள். இ.சி.எச்.எஸ். அட்டையைப் புதுப்பிக்கும்போதும் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். 1996-க்கு முன் ஓய்வுபெற்றவர் குடும்பம் என்பதால் அதற்குச் சந்தா கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.