ஓராண்டு வேலைப்பயிற்சி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோவை. 22 ஆண்டுகளாக இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறோம். என் மகள் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு முழுவதும் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு தொழிற்சாலையில் வேலைப்பயிற்சிக்குப் போய்விட்டு, திரும்பி வந்து கடைசி ஆண்டைப் படிக்கப்போவதாகச் சொல்கிறாள். மூன்று ஆண்டில் முடிய வேண்டிய படிப்பு நான்காகிறதே, அந்த ஓராண்டு வீண்தானே என்று எனக்கும் என் மனைவிக்கும் கவலை. தெரியாத நாட்டில் தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்பது இன்னொரு கவலை. நீங்கள் ஸ்டுட்கார்ட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவளை அனுப்பலாமா?

ஒரு வாசகர், லெஸ்டர்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்புங்கள். ஆனால் புறப்படும் முன் அவள் ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இது படிப்பை நிறுத்திவைத்துவிட்டு எடுக்கும் விடுப்பு அல்ல. இரண்டு கல்வியாண்டுகளுக்கு நடுவே ஒரு பணியாண்டை வைக்கும் இந்த முறையை இங்கிலாந்தில் சாண்ட்விச் படிப்பு என்றே அழைக்கிறார்கள். 1966இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற பாத், சர்ரே, புரூனல், லஃபரோ, ஆஸ்டன் ஆகியவை அதற்கு முன் தொழில்நுட்பக் கல்லூரிகளாக இருந்த காலத்திலிருந்தே இம்முறையைப் பேணிவருகின்றன. உங்கள் கோவையிலேயே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு சாண்ட்விச் பி.இ. படிப்பு நெடுங்காலமாக உண்டு. அதில் படித்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும். தொழிற்சாலைத் தரையில் கழித்த மாதங்கள் வீணாயினவா என்று அவரிடமே கேட்டுப்பாருங்கள்.

நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் இப்படி மாணவர்கள் வருவார்கள். ஓராண்டு இருவர் ஒரே நாளில் சேர்ந்தனர். ஒருவரை என் பிரிவில், வால்வுகளைச் சோதிக்கும் மேடையில், அனுபவம் மிக்க ஒரு தொழில்நுட்பரின் அருகில் நிறுத்தினோம். மூன்றாம் மாதத்தில் அவர் எடுத்த அளவீடு ஒன்று தவறாகிப்போக, அதை நம்பி வேறொரு பிரிவு இரண்டு நாள் செய்த வேலையைத் திரும்பச் செய்ய நேர்ந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் தன் எண்ணை நம்பி இன்னொருவர் உழைக்கிறார் என்பதை அன்று அவர் தெரிந்துகொண்டார். அதன் பிறகு கருவி சரியாக அளக்கிறதா என்று கடைசியாகச் சோதித்த தேதியைப் பார்க்காமல் எந்த அளவையும் எழுதியதில்லை. மற்றவர் போன பிரிவில் அவருக்கென்று யாரும் வேலையைத் திட்டமிட்டு வைத்திருக்கவில்லை. ஒரு கோப்பிலிருந்த எண்களை இன்னொரு கோப்புக்கு மாற்றுவதிலேயே அவருடைய பதினொரு மாதங்களும் கழிந்தன. இருவருக்கும் நாடும் நிறுவனமும் சம்பளமும் ஒன்றுதான். இரண்டாமவரின் ஆண்டு வீணானது என்றால் நான் மறுக்க மாட்டேன். அதற்கு எங்கள் நிறுவனமும்தான் பொறுப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் மகள் கேட்க வேண்டியது இதுதான்: எனக்கு என்ன வேலை தருவீர்கள், அதை யார் அருகிலிருந்து பார்ப்பார்? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடமே தொலைபேசியில் இதைக் கேட்கட்டும். கேட்பது மரியாதைக் குறைவு என்று அங்கே யாரும் எண்ண மாட்டார்கள். தெளிவான விடை வராவிட்டால், நிறுவனத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேறு இடம் தேடுவது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணம் செலுத்தும் மாணவர் ஓராண்டு முழுவதும் வேலைப்பயிற்சியில் இருந்தால், பல்கலைக்கழகம் அந்த ஆண்டுக்கு, அரசு அனுமதிக்கும் உச்சக் கட்டணத்தில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. 2025–26இல் உச்சக் கட்டணம் 9,535 பவுண்டாகவும் இதற்கான வரம்பு 1,905 பவுண்டாகவும் இருந்தன. வெளிநாட்டில் படிக்கவும் பயிற்சி பெறவும் உதவ பிரிட்டன் அரசு 2021இல் தொடங்கிய டூரிங் திட்டம் போன்ற உதவித்தொகைகளுக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிப்பதில்லை, பல்கலைக்கழகம்தான் விண்ணப்பிக்கிறது. ஆகவே அங்கே வேலைப்பயிற்சிகளைக் கவனிக்கும் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக வரும் பயிற்சிக்கு அது பொருந்தாது. எனவே மாதச் சம்பளம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். அறை எடுக்கும்போது மூன்று மாத வாடகை வரை முன்பணமாகக் கேட்கலாம். முதல் சம்பளம் வருவதற்குள் செலவாகும் இந்தத் தொகையை நீங்கள் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் மகளிடம் இருப்பது பிரிட்டன் பாஸ்போர்ட் என்றால் இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதன் இடைக்காலம் 2020 டிசம்பருடன் முடிந்துவிட்டதால், முன்புபோல் போன மறுநாளே வேலையில் சேர முடியாது. விசா இல்லாமல் ஜெர்மனிக்குள் நுழைந்து அங்கிருந்தே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், அந்த அனுமதி கையில் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது. ஆகவே வேலையில் சேரும் தேதிக்கும் புறப்படும் தேதிக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும்.

தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்று கேட்டிருந்தீர்கள். மொழி தெரிந்தால் சமாளித்துவிடுவாள். பொறியாளர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். சோதனை மேடையில் நிற்கும் தொழில்நுட்பர் பேச வேண்டும் என்றில்லை, அவள் கற்க வேண்டியதில் பெரும்பகுதியோ அவரிடம்தான் இருக்கிறது. வகுப்பில் ஜெர்மன் கற்றுக்கொண்டு போனாலும் ஸ்டுட்கார்ட்டில் முதல் சில வாரங்கள் காது திணறும், ஏனெனில் அங்கே பேசுவது ஸ்வாபிய வட்டார மொழி. எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு ஒரு மொழி என்பது தமிழருக்குப் புதிதல்ல என்பதால் இதில் அவள் துவண்டுவிட மாட்டாள் என்று நம்புகிறேன். நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஜெர்மனிலும் உண்டு. மூத்தவர் தாமாகச் சொல்லும்வரை ‘நீ’ என்று அழைக்கக் கூடாது. ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவர்கள் தடுமாறும் இந்த இடத்தை, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை இயல்பாகவே கடந்துவிடும்.

குடியிருப்புகளில் முறைவைத்துப் படிக்கட்டைப் பெருக்கும் வழக்கம் அந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறது. உங்கள் முறை வரும் வாரம் கதவில் ஓர் அட்டை தொங்கும். அதை மறக்காத குடித்தனக்காரரிடம் அண்டை வீட்டார் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். எனக்கு அந்த ஊரில் முதல் நட்பு கிடைத்தது அப்படித்தான்.

பயிற்சி முடியும்போது நிறுவனம் எழுத்தில் ஒரு நற்சான்று தரும். ஜெர்மனியில் அதற்கென்று ஒரு மரபுமொழி உண்டு. ‘எங்களுக்கு மனநிறைவளிக்கும் விதத்தில் பணியாற்றினார்’ என்பது வெளியார் காதுக்குப் பாராட்டாகவே ஒலிக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு அது அரைகுறை மதிப்பெண். ‘எப்போதும் முழுமையிலும் முழுமையான மனநிறைவு’ என்ற பொருளில் எழுதினால்தான் முதல் தரம். கடைசி வாரத்துக்கு முன்பே அதன் வரைவைக் கேட்டு வாங்கி, உடன் வேலை பார்த்த ஜெர்மானியர் ஒருவரிடம் காட்டிப் பொருள் கேட்கட்டும். திருத்தம் வேண்டுமானால் அங்கே இருக்கும்போதே கேட்டுப் பெறலாம். கோப்புகளில் எண்களை மாற்றிக்கொண்டிருந்த அந்த மாணவர் தம் சான்றை என்னிடம் கொண்டுவந்து காட்டியது, ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில்.

அன்புடன்