பழைய சமையல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை நம்பலாம்?

கேள்வி: 1930-களில் வந்த ஆங்கிலச் சமையல் புத்தகம் ஒன்றின் மறுஅச்சை வாங்கினேன். பீன்ஸை உப்புத் தண்ணீரோடு கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி, கொதிநீரில் மூன்று மணி நேரம் வைத்தால் ஒரு வருஷம் கெடாது என்று போட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் சாப்பிட்டவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்? அதைப் பார்த்துச் செய்த கேக்கும் சரியாக வரவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் ஜாடி. அதைச் செய்யவே செய்யாதீர்கள். செய்து வைத்திருந்தால் ருசிகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

மூன்று மணி நேரம் என்ன, நாள் பூராவும் கொதித்தாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. போட்யூலிசம் என்ற நரம்பைத் தாக்கும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் அந்தச் சூட்டைத் தாங்கும். அவற்றை ஒழிக்க 116 முதல் 121 டிகிரி வரை வேண்டும். அதற்கு நீராவி அழுத்தம் தேவை. காற்றில்லாத, புளிப்பில்லாத இடம்தான் அந்த வித்துக்களுக்குப் பிடித்த இடம். இறுக மூடிய பீன்ஸ் ஜாடி அச்சு அசலாக அதுதான். நஞ்சு உண்டானாலும் வாசனையோ நிறமோ மாறாமல் இருக்கலாம். ‘குக்கரில் வைத்து விசில் விட்டால் போதாதா?’ என்று கேட்பீர்கள். போதாது. சிறிய குக்கர் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். இந்த வேலைக்குச் சோதிக்கப்பட்ட பாத்திரமும் நேரக் கணக்கும் தனி.

அந்தக் காலத்தில் எல்லோரும் நன்றாக இருக்கவில்லை. ஜாடிக் காய் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. தப்பித்த சிலருக்கு அவர்களே அறியாத காரணம் ஒன்று இருந்திருக்கலாம். ஜாடியைத் திறந்ததும் காயை மறுபடி நன்றாகக் கொதிக்க வைப்பார்கள். கொதிநிலைக்கு வித்து அசையாது, ஆனால் நஞ்சு சிதைந்துவிடும். அடுப்பில் ஏற்றும் முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தவருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

புளிப்பான பழ ஜாம் அவ்வளவு பயங்கரம் இல்லை. ஆனால் மேலே மெழுகு ஊற்றி மூடச் சொன்னால் அதை விட்டுவிடுங்கள், ஓரத்தில் பூஞ்சை புகுந்துவிடும். ஊறுகாய் பச்சையாக இருக்கச் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சச் சொல்லும் குறிப்பும் அப்படித்தான். அந்தப் பச்சை செம்பு கரைந்து வருவது. பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கச் சொன்னால் மறுபடியும் போட்யூலிசம் கதைதான்.

சரி, கேக்குக்கு வருவோம். அது பெரும்பாலும் அளவுத் தகராறு. புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்று முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473 மில்லி. கிட்டத்தட்ட நூறு மில்லி பால் கூடினால் எந்தக் கேக் எழும்பும்? ‘மிதமான ஓவன்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் 180 டிகிரியில் ஆரம்பித்துப் பாருங்கள். முட்டையை எண்ணிப் போடுவதைவிட மாவின் பதத்தைப் பார்த்துப் போடுவது நல்லது, முட்டைகள் ஒரே அளவில் இருப்பதில்லை.

திருப்பிக் கொடுப்பதைப் பொறுத்தவரை, உள்பக்கத்தில் வெறும் ‘மறுஅச்சு’ என்று இருந்தால் பழையதை அப்படியே தந்திருக்கிறார்கள். கேக் அமுங்கியதைக் காட்டிப் பணம் கேட்பது கஷ்டம். அட்டையில் ‘இன்றைய சமையலறைக்காகச் சோதித்துத் திருத்தியது’ என்று போட்டுவிட்டு உள்ளே அந்த ஜாடிக் குறிப்பை அப்படியே விட்டிருந்தால், பில்லோடு போய்த் தாராளமாகக் கேளுங்கள். பதிப்பகத்துக்கும் பக்க எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போடுங்கள்.