மகளுக்கு ஏர் ரைஃபிள்: லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. புதுச்சேரியில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். கிளப் துப்பாக்கிக்குக் காத்திருப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. சொந்தமாக வாங்க லைசென்ஸ் வேண்டும் என்கிறார் ஒருவர். இன்னொருவர், 5.5 மி.மீ. ஏர் கன் சல்லிசாகக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதுமே சரியில்லை. இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் வம்பு.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூல் என்ற இரண்டு வரம்புக்குள்ளும் இருக்கிற ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் போட்டி ரைஃபிள் எல்லாமே 4.5 மி.மீ.தான், ஆற்றல் அந்த வரம்பில் பாதிகூட வராது. 5.5 மி.மீ. வரம்பைத் தாண்டிவிடுகிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். போட்டிக்கும் ஆகாது. அப்புறம் சல்லிசாகக் கிடைத்து என்ன பயன்?

கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள்; உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். பில்லில் விட்டம், ஆற்றல், சீரியல் எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பாட்டில் தேடுகிறவர்கள் உங்கள் நீளப் பெட்டியைத் திறந்து பார்த்தால், விதி பேசுவதைவிட பில்லை நீட்டுவது சுலபம். கிளப் உறுப்பினர் அட்டையும் கூடவே இருக்கட்டும்.

எதை வாங்குவது? சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் ஸ்பிரிங் துப்பாக்கி கை பழகத்தான் உதவும். போட்டிக்குப் போகிறவர்கள் அழுத்தக் காற்று சிலிண்டர் உள்ளதைத்தான் வைத்திருப்பார்கள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் ரைஃபிள்கள் லட்சக்கணக்கில் போகும். அதனால் பலரும் பழையதைத் தேடுகிறார்கள். தேடலாம், தப்பில்லை. ஆனால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொதுவாக அதன் ஆயுள் 10 ஆண்டுதான். காலாவதியானதைப் போட்டியில் சோதிப்பவர்கள் ஒதுக்கிவிடலாம். காற்று நிரப்புவதும் ஆபத்து. புது சிலிண்டர் விலையை விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஷூட்டிங் ஜாக்கெட்டும் பழையதே போதும், வளர்கிற பிள்ளைக்கு எப்படியும் சீக்கிரம் சின்னதாகிவிடும்.

“ஏர் ரைஃபிளோடு நிறுத்தாமல் .22-க்கு மாறட்டும்” என்றும் யாராவது சொல்வார்கள். .22 என்பது வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிள். தலைவலி அங்கேதான் ஆரம்பம். லைசென்ஸ் பெற 21 வயது ஆக வேண்டும். அதுவரை மேற்பார்வையில் பயிற்சிக்கு மட்டுமே இடம் உண்டு. விண்ணப்பித்தால் போலீஸ் விசாரணை, கலெக்டர் அலுவலகம் என்று ஃபைல் மேசை மேசையாக நகரும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்கு மத்திய அரசு தனி விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் அதை உள்ளூர் அலுவலகத்தில் நீங்களே எடுத்துக் காட்டி விளக்க வேண்டியிருக்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னாலும் சொல்வார்கள், அப்போது பயிற்சி அம்போ. துப்பாக்கி விஷயத்தில் அரசு கெடுபிடியாக இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். போட்டிச் சான்றிதழ்களோடு வருகிறவரையும் சந்தேகப் பட்டியலில் நிறுத்துவதுதான் எரிச்சல்.

உங்களுக்கு இப்போது அந்தக் கவலை வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான்.

வாங்கிய பிறகு பெட்டியைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியிலிருந்து கொக்கு, மடையான் என்று யாராவது குறிவைத்துச் சுட்டால் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளப்போவது நீங்களும்தான்.