ஒரே வீட்டின் இரண்டு கணினிகளுக்கு இடையே பகிர்ந்த கோப்புறை திறக்கவில்லை, எங்கிருந்து சரிபார்ப்பது?

கீழ்த்தளத்துக் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புறை, மாடியில் உள்ள மடிக்கணினியில் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை, தெரிந்தாலும் கடவுச்சொல் தவறு என்று வருகிறது என எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் விண்டோஸ் 11 என்பதால் அதையே மனத்தில் வைத்துச் சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். அப்பா நடத்தும் மாங்கன்று நர்சரியின் கணக்குகள் கீழே உள்ள கணினியில் இருக்கின்றன. ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி வார இறுதியில் வந்து, மாடியிலிருந்து அவற்றைத் திறந்து சரிபார்ப்பான்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கணினி கண்ணில் படாதது ஒன்று, கண்ணில் பட்டும் உள்ளே விடாதது இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கையில் கிடைத்த அமைப்பையெல்லாம் மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும்.

முதலில் நெட்வொர்க் பட்டியலில் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். கீழே உள்ள கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்து ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குள்ள எண் முகவரியை, குறித்துக்கொண்டு, மாடியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்பதுபோல் நேரடியாக அடியுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வந்தால் இரு கணினிகளுக்கும் இடையிலான பாதை சரியாக இருக்கிறது. 80070035 என முடியும் பிழை வந்தால் கோளாறு பாதையில்தான்.

பாதைக் கோளாறுக்கு நான் முதலில் பார்ப்பது நெட்வொர்க் வகை. மோடத்தை மாற்றினாலோ வைஃபை பெயரை மாற்றினாலோ விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க்காகக் கருதி 'பப்ளிக்' என்று வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் கோப்புப் பகிர்வை, விண்டோஸின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் தடுத்துவிடும். அதைப் 'பிரைவேட்' ஆக்குவதே முறை. ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்தது மாடியில் வைத்திருக்கும் இரண்டாவது ரவுட்டர். நம் ஊர்ப் பக்கம் ஃபைபர் இணைப்பின் மோடம் கீழே இருக்க, சிக்னல் எட்டவில்லை என்று மாடியில் இன்னொரு ரவுட்டரை மாட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் கீழே உள்ள கணினியின் முகவரி 192.168.1 என்று தொடங்க, தம்பியின் மடிக்கணினியில் 192.168.0 என்று இருந்தது. ஒரே வீடு என்றாலும் இரண்டு தனி நெட்வொர்க்குகள். இப்படி இருக்கும்போது முகவரியை அடித்தால் மாடியிலிருந்து கீழே போக முடியும், ஆனால் கீழிருந்து மாடிக்கு வர முடியாது, பட்டியலிலும் பெயர் தெரியாது. மடிக்கணினி ஒரு நாள் கீழ் வைஃபையையும் மறுநாள் மேல் வைஃபையையும் பிடிப்பதால்தான் உங்களுக்குச் சில நாள் மட்டும் தெரிகிறது என்று நினைக்கிறேன். மாடி ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் ஆக்ஸஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், அதன் சொந்த முகவரியை மோடத்தின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையை அதில் நிறுத்திவிட்டு, மோடத்திலிருந்து வரும் கேபிளை வான் (WAN) துளையிலிருந்து எடுத்து லான் (LAN) துளையில் செருகினால் வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் பொதுவாகக் கணினிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது என்பதையும் கவனியுங்கள்.

இனிக் கடவுச்சொல். தினமும் கணினியைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண் (PIN) இங்கே செல்லாது, கடவுச்சொல் இல்லாத பயனர் கணக்கும் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் முழு மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும். இதைவிட, கீழே உள்ள கணினியில் பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன், அந்தக் கணினிக்கு மட்டுமான ஒரு லோக்கல் கணக்கை உருவாக்குவது எனக்குப் பிடித்த வழி. பெயர் கேட்கும் இடத்தில் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக்கோடு (\), பிறகு அந்தக் கணக்கின் பெயர் என்று அடிக்க வேண்டும். பழைய கடவுச்சொல் மாடி மடிக்கணினியில் விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள். உள்ளே நுழைந்த பிறகும் கோப்புறை திறக்கவில்லை என்றால், அதன் பிராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' பக்கத்தில் மட்டுமல்லாமல் 'செக்யூரிட்டி' பக்கத்திலும் அதே கணக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது குறைவான உரிமை தருகிறதோ அதுவே நடைமுறைக்கு வரும்.

கடவுச்சொல் பாதுகாப்பை நீக்கிவிட்டால் போதும் என்ற அறிவுரை இணையமெங்கும் கிடைக்கிறது. விண்டோஸ் 11இன் 2024இல் வந்த 24எச்2 பதிப்பின் புரோ வகையில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே தடுக்கப்பட்டிருப்பதால் அது பலிக்காது. கோப்புப் பகிர்வுக்கான பழைய முறையாகிய எஸ்எம்பி 1ஐ மீண்டும் இயக்கச் சொல்வது அதைவிட மோசம். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிகளுக்குள் புகுந்தது. குடும்பத்தின் கணக்கு வழக்கும் பத்திர நகல்களும் இருக்கும் கணினியில் அதைத் திறந்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் சரியான பிறகு, மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் கீழே உள்ள கணினிக்கு நிலையான ஐபி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய்வந்ததும் முகவரி மாறி, மாடியில் போட்டு வைத்த ஷார்ட்கட் வேலை செய்யாமல் போகலாம்.